வெந்நீர் ஊற்றும் ஒளடத தானமும்

நம் குடும்பங்களிலிருந்து வடநாட்டுத் திருத்தலங்களுக்கு யாத்திரை செல்வோர் இராசகிருகத்தைத் தரிசியாமல் திரும்புவதில்லை. முனிசுவிரத தீர்த்தங்கரர் பிறந்தருளிய பதியும், வர்த்தமானப் பெருமான் விபுலாசலத்தில் அறவுரை அருளிய இடமும் அதுவே. அங்குள்ள மலைகளுள் ஒன்றாகிய வைபாரகிரியின் அடிவாரத்தில் நிலத்தினின்று வெந்நீர் ஊற்றெடுத்துப் பாய்வதையும், நோயாளரும் முதியோரும் அதில் நீராடுவதையும் யாத்திரிகர்கள் கண்டிருப்பர். காண்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. இந்நீர் நோயைத் தீர்க்குமா? தீர்க்குமெனின், வினைப்பயன் என்று நாம் கொள்ளும் துன்பத்தை நீர் எங்ஙனம் நீக்க இயலும்?

நம் அறநூல்கள் இதில் தெளிவான எல்லை வகுத்துள்ளன. ஆற்றிலும் கடலிலும் முழுகினால் பாவம் போகும் என்று எண்ணுவதை உலக மூடம் என்று இரத்தினகரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது. அந்நூலின் வழி நடக்கும் நம் அருங்கலச்செப்பும் அவ்வாறே விலக்குகிறது. நம் முனிவர் பெருமக்களுக்கு நீராடாமையே ஒரு விரதம். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று அறிந்து, நீரை வடிகட்டிப் பருகும் வழக்கம் நம் இல்லங்களுக்கு உரியது. எனவே நீராடலைப் பெரிதாகப் போற்றுதல் நமக்கு இயல்பன்று. ஆயினும் ஆன்மாவின் அழுக்கை நீர் போக்கும் என்பது வேறு. உடலின் நோவைத் தணிக்க நீர் ஒரு நிமித்தமாகும் என்பது வேறு. முன்னது மயக்கம், பின்னது மருத்துவம். இவ்வேறுபாட்டைத் தம் உடலிலேயே பட்டு உணர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கு எண்ணிப் பார்ப்போம். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பெற்ற பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் என்பாரே அவர்.

செல்வமும் நோயும்

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைடு பார்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜேம்சு ரூஸ்வெல்ட். தாயார் சாரா டெலனோ. தாயாருக்கு ஒரே மகவாதலின் குறை ஒன்றும் அறியாது வளர்ந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, பின் கொலம்பியாவில் சட்டம் பயின்றார். 1905ஆம் ஆண்டில் எலினார் அம்மையாரை மணந்தார். 1910இல் நியூயார்க் மாநில மேலவைக்குத் தேர்வானார். 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் துணைச் செயலராகப் பணியாற்றினார். 1920இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். தோல்வியாயினும் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. உயரமும் வலிவும் வாய்ந்த அவர் நீந்துவதிலும் படகு செலுத்துவதிலும் பேரார்வம் உடையவர்.

1921ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், கனடா நாட்டைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் இருந்த தம் கோடைக்கால இல்லத்தில் குடும்பத்தாருடன் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 39. ஆகத்து 10ஆம் நாள் படகில் சென்று, வழியில் கண்ட காட்டுத் தீயை மக்களுடன் சேர்ந்து அணைத்து, பின் குளிர்ந்த நீரில் நீந்தி, ஈர உடையுடனேயே அமர்ந்து கடிதங்களைப் படித்தார். அன்று மாலை உடல் நடுங்கியது. ஓரிரு நாள்களில் கால்கள் தாங்கும் ஆற்றலை இழந்தன. முதலில் வந்த மருத்துவர்கள் நோயை இன்னதென்று உணரவில்லை. ஆகத்து 25ஆம் நாள் வந்த, பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் லோவெட் என்பவரே அது இளம்பிள்ளை வாதம் என்று கூறினார். வேறொரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று 2003ஆம் ஆண்டில் மருத்துவ ஆய்வாளர் சிலர் கருதினர். அக்கருத்தை மறுப்போரும் உளர். நோயின் பெயர் எதுவாயினும், அவர் மீண்டும் ஒருபோதும் துணையின்றி நடக்கவில்லை.

தாயார் தம் மகன் அரசியலை விட்டு ஹைடு பார்க் மாளிகையில் அமைதியாக வாழட்டும் என்று விரும்பினார். எலினார் அம்மையாரும், லூயி ஹவ் என்னும் நண்பரும் அதற்கு இணங்கவில்லை. பொதுவாழ்விலிருந்து விலகின் அவர் உள்ளம் மடியும் என்று அஞ்சினர். இடுப்பு முதல் கணுக்கால் வரை எஃகினாலான காலிப்பர் பூட்டி, தாங்குகட்டைகளை ஊன்றிச் சில அடிகள் நகர்வதற்கே அவர் பெருமுயற்சி செய்ய வேண்டியிருந்தது. மூன்றாண்டுகள் பிடித்துவிடுதல், வெப்பமூட்டல், ஒளியூட்டல், கடலில் நீந்துதல் எனப் பலவற்றையும் முயன்றார். பயன் சிறிதே.

ஜார்ஜியாவின் ஊற்று

1924ஆம் ஆண்டில் ஜார்ஜ் பாசுட்டர் பீபாடி என்னும் வங்கியாளர் அவருக்கு ஒரு செய்தி கூறினார். தென்மாநிலமாகிய ஜார்ஜியாவில், பைன் மலையின் அடிவாரத்தில் வெதுவெதுப்பான ஊற்று ஒன்று உள்ளது. இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த இளைஞர் ஒருவர் அந்நீரில் நெடுநாள் பயின்றபின் நடக்கத் தொடங்கினார் என்பதே அச்செய்தி. அவ்வூர் வார்ம் ஸ்பிரிங்ஸ். இளவெந்நீர் ஊற்றுகள் என்பது அப்பெயரின் பொருள்.

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் ரூஸ்வெல்ட் அங்குச் சென்றார். அவர் கண்டது பாழடைந்த மர விடுதியும், சில சிறு குடில்களும், ஒரு நீச்சல் குளமுமே. ஆனால் நீரில் இறங்கியதும் அவர் உள்ளம் மலர்ந்தது. மலைமேல் பெய்யும் மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலெழுகிறது. வெளிவருகையில் அதன் வெப்பம் ஏறத்தாழ 88 பாரன்ஹீட், அதாவது 31 செல்சியசு. கோடையிலும் குளிரிலும் அது மாறுவதில்லை. நிமிடத்திற்கு 800 கேலனுக்கு மேல் நீர் சுரக்கிறது.

பிற நாடுகளின் புகழ்பெற்ற ஊற்றுகளோடு ஒப்பிட்டால் இது வெந்நீரே அன்று எனலாம். உரோமானியர் குளியல் மண்டபம் எழுப்பிய இங்கிலாந்தின் பாத் நகரத்து ஊற்று ஏறத்தாழ 46 செல்சியசு வெப்பமுடையது. செக் நாட்டின் கார்லோவி வாரி ஊற்று 70 செல்சியசையும் கடப்பது. அங்கெல்லாம் நீரில் கரைந்த தாதுக்களே நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினர். நீரைப் பருகவும் செய்தனர். ஜார்ஜியாவின் ஊற்றோ இளஞ்சூடு உடையதாதலின் இரண்டு மணி நேரம் உள்ளிருந்தாலும் உடல் குளிரால் விறைக்காது, வெப்பத்தால் தளராது. இதுவே அதன் சிறப்பு.

நீர் அங்குச் செய்த வேலையையும் அறிதல் நன்று. இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. அழிந்த அணுவை எந்த ஊற்று நீரும் மீட்பதில்லை. ஆனால் எஞ்சியுள்ள சில அணுக்களும் அவற்றைச் சார்ந்த தசைகளும் பயன்படுத்தாமையால் மேலும் நலிகின்றன. நிலத்தில் உடலின் எடையைத் தாங்க இயலாத கால், நீரின் மிதப்பாற்றலால் எடை குறைந்து அசைகிறது. அசைவதால் வலுப்பெறுகிறது. மருந்தாய் அமைந்தது நாள்தோறும் இடைவிடாது செய்த பயிற்சியே. நீர் அதற்கு நிமித்தமாய் நின்றது. நிலத்தில் நிற்க இயலாத ரூஸ்வெல்ட் மார்பளவு நீரில் நின்றார், நடந்தார்.

நோயாளரே மருத்துவர் ஆனமை

ரூஸ்வெல்ட் நீந்தி நலம்பெற முயல்வதைப் பற்றி அட்லாண்டா நகரத்து நாளிதழ் ஒன்று 1924 அக்டோபரில் கட்டுரை வெளியிட்டது. பல நகரங்களின் இதழ்களும் அதனை எடுத்து அச்சிட்டன. அதன் விளைவை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1925ஆம் ஆண்டு இளவேனிலில் அவர் மீண்டும் சென்றபோது, அழைப்போ முன்னறிவிப்போ இன்றி, நடக்க இயலாத நோயாளர்கள் அங்கு வந்து சேரத் தொடங்கினர். அவர்களுக்கு மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை, தங்க இடமும் இல்லை.

தம் நலம் தேடி வந்த செல்வர் ஒருவர் அந்நிலையில் முகம் திருப்பிக் கொள்ளுதல் எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. குடில்களைச் செப்பனிடச் செய்தார். உள்ளூர் மருத்துவர் ஒருவரைக் கொண்டு வந்தோரைப் பரிசோதிக்கச் செய்தார். தாம் கற்ற பயிற்சிகளைத் தாமே நீரில் நின்று ஒவ்வொருவருக்கும் கற்பித்தார். எந்தத் தசை எவ்வளவு அசைகிறது என்று குறித்து வைத்தார். பிள்ளைகளோடு நீரில் பந்தாடினார். ஏனெனில் சிரித்து விளையாடும் பிள்ளை தன் கால் அசைவதை மறந்தே அசைக்கும். நோயாளர்கள் அவரை மருத்துவர் ரூஸ்வெல்ட் என்றே அழைக்கலாயினர்.

விடுதிக்கு இளைப்பாற வந்த ஏனையோர் முகம் சுளித்தனர். நோய் தொற்றும் என்று அஞ்சி, ஒரே கூடத்தில் உண்ணவும் ஒரே குளத்தில் நீராடவும் மறுத்தனர். நோயின் தொற்றுக் காலம் கடந்தவர்கள் அவர்கள் என்று கூறியும் கேட்பாரில்லை. ரூஸ்வெல்ட் நோயாளர்களுக்கெனத் தனி உணவறையும், பின்னர்த் தனிக் குளமும் அமைத்தார். உடற்குறை உடையவரை ஒதுக்கும் கொடுமையை அவர் அங்குத்தான் அணுக்கமாகக் கண்டார் எனலாம்.

தானத்தின் அளவு

1926ஆம் ஆண்டில் அவர் அந்த விடுதியையும் குடில்களையும் ஊற்றையும் சூழ்ந்த ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தையும் விலைக்கு வாங்கினார். விலை ஏறக்குறைய 2,00,000 டாலர். அது அவருக்கென இருந்த செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மனைவியார் கவலையுற்றார், அவருடைய சட்டத்தொழில் கூட்டாளியாகிய பேசில் ஓ'கானரும் இதனை விரும்பவில்லை. ஐந்து பிள்ளைகளின் தந்தையாகிய ஒருவர், பாழடைந்த விடுதி ஒன்றில் தம் பொருளின் பெரும்பகுதியை இடுதல் அறிவுடைமையாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்பணம் பின்னர் அறக்கட்டளை அவருக்குத் தரவேண்டிய கடனாக எழுதப்பெற்றது என்பது உண்மை. ஆயினும் அது திரும்பி வரும் என்ற உறுதி அன்று அவருக்கு இல்லை.

மருத்துவ உலகின் ஒப்புதல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். எலும்பு மருத்துவ வல்லுநர் லெராய் ஹப்பார்டு என்பவரும், இயன்முறைப் பயிற்சியில் தேர்ந்த ஹெலினா மகோனி அம்மையாரும் அங்கு வந்தனர். 1926இல் 23 நோயாளர்களை முறையாகக் கண்காணித்தனர். எவரும் முழு நலம் பெறவில்லை. ஆனால் அனைவரிடத்தும் ஓரளவேனும் முன்னேற்றம் காணப்பட்டது. 1927இல் ஜார்ஜியா வார்ம் ஸ்பிரிங்ஸ் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. முதலில் தயங்கிய ஓ'கானரே பின்னாளில் அதன் தலைமையை ஏற்று வாழ்நாள் முழுவதும் இப்பணிக்கு உழைத்தார். ஒருவர் செய்யும் நல்லறம் அருகில் நிற்பவரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

ஆகாரம், ஒளடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். அவற்றுள் ஒளடத தானம் என்பது மருந்தை வாங்கிக் கொடுப்பதோடு முடிவதன்று. நோயாளர் அருகிலிருந்து அவர் துன்பத்தைத் தாமும் உணர்ந்து தொண்டு செய்வதும் அதனுள் அடங்கும். பொருளையும் உடலுழைப்பையும் ஒருங்கே அளித்த ரூஸ்வெல்ட்டின் செயல் இவ்வறத்தின் இலக்கணத்திற்குப் பொருந்துவதே.

அவர் கற்பித்தது மட்டுமன்றிக் கற்றுக்கொண்டதும் உண்டு. ஒரு கையில் கோலும் மறு கையால் மகனின் தோளோ கையோ பற்றி, நடப்பது போல் முன்னேறும் முறையை ஹெலினா மகோனியிடம் பயின்றார். 1928இல் அவ்வாறே கட்சி மாநாட்டு மேடை ஏறினார். அவ்வாண்டே நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கைகளால் மட்டும் இயக்கத்தக்க மகிழுந்து ஒன்றை அமைத்துக்கொண்டு ஜார்ஜியாவின் மண் சாலைகளில் தாமே செலுத்தி, ஏழை உழவர்களோடு வண்டியில் இருந்தபடியே உரையாடினார். அங்கு மின்சாரக் கட்டணம் தம் சொந்த ஊரைவிட நான்கு மடங்கு இருந்ததையும், சிற்றூர்களில் விளக்கே இல்லாமையையும் கண்டார். 1935இல் அவர் அரசு அமைத்த நாட்டுப்புற மின்வழங்கல் துறைக்கு அவ்வனுபவமே வித்தாயிற்று.

குறையும் கூறல் வேண்டும்

ஒன்றைப் பல கோணங்களில் நோக்குக என்பது நம் அநேகாந்த நெறி. ஆதலின் நிறையை மட்டும் எழுதி முடித்தல் முறையன்று. வார்ம் ஸ்பிரிங்ஸில் மருத்துவம் பெற்றோர் வெள்ளையர் மட்டுமே. கறுப்பின மக்கள் அங்குச் சமைத்தனர், சுமந்தனர், நோயாளரைத் தூக்கி இறக்கினர்; ஆனால் அவர்தம் பிள்ளைகளுக்கு அந்நோய் வந்தபோது அக்குளத்தில் இடமில்லை. தென்மாநிலங்களின் நிறவேற்றுமை வழக்கத்தை ரூஸ்வெல்ட் அங்கு எதிர்க்கவில்லை. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபின், 1941இல் அலபாமா மாநிலத்தின் டசுகீகியில் கறுப்பினத்தவருக்கென ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. 1942இல் அவர் இட்ட ஆணையால் ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வழியினர் வீடிழந்து முகாம்களில் அடைக்கப்பட்டதும் வரலாறு. துன்பத்தால் கனிந்த உள்ளமும் எல்லா உயிர்க்கும் கதவு திறப்பதில்லை. கருணைக்கு எல்லை வகுக்கும் பழக்கம் நம்மிடமும் எங்கேனும் ஒளிந்துள்ளதா என்று நாமும் ஆராய்தல் தகும்.

சிறு காசுகளின் பெருமை

1933 மார்ச்சு 4ஆம் நாள் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். பொருளாதார வீழ்ச்சியால் அறக்கட்டளைக்கு நன்கொடை அருகியிருந்த காலம் அது. 1934ஆம் ஆண்டு அவருடைய பிறந்த நாளில் நாடெங்கும் நடன விழாக்கள் நடத்தி அறக்கட்டளைக்குப் பொருள் திரட்டினர். பத்து இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1938இல் இளம்பிள்ளை வாத ஒழிப்புக்கெனத் தேசிய அறக்கட்டளை தோன்றியது. எட்டி கேண்டர் என்னும் நடிகர், ஒவ்வொருவரும் பத்துச் செண்டுக் காசு ஒன்றை நேரே குடியரசுத் தலைவருக்கு அனுப்புமாறு வானொலியில் வேண்டினார். பள்ளிப் பிள்ளைகள் உறையிலிட்டு அனுப்பினர். வெள்ளை மாளிகையில் 26 இலட்சத்து 80 ஆயிரம் காசுகள் குவிந்தன. கடிதங்களின் பெருக்கால் மாளிகையின் ஏனைய அஞ்சல்களைப் பிரிப்பதே அரிதாயிற்று.

ரூஸ்வெல்ட் தம் உடல்நிலையைப் பெரும்பாலும் மக்கள் கண்ணில் படாமல் மறைத்தே வந்தார். 1945 மார்ச்சு 1ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தபடியே உரையாற்ற நேர்ந்தபோதுதான், கால்களில் சுமக்கும் எஃகின் பாரத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அம்மாத இறுதியில் களைத்த உடலுடன் வார்ம் ஸ்பிரிங்ஸ் சென்றார். அங்குத் தாம் 1932இல் கட்டிய சிறு இல்லத்தில், ஏப்பிரல் 12ஆம் நாள், ஓவியர் ஒருவர் தம் உருவத்தை வரைந்துகொண்டிருக்கையில் மூளையில் குருதிக் கசிவுற்று உயிர் நீத்தார். வயது 63. அவ்வோவியம் முற்றுப்பெறாமலே இன்றும் அங்கு உள்ளது.

ஓவியம் முற்றுப்பெறாவிடினும் பணி நின்றுவிடவில்லை. மக்கள் அளித்த சிறு காசுகளைக் கொண்டு தேசிய அறக்கட்டளை ஆராய்ச்சியாளர்களுக்குத் துணைநின்றது. மருத்துவர் யோனாசு சால்க் தடுப்பூசியை உருவாக்கினார். 1954இல் ஏறக்குறைய 18 இலட்சம் பிள்ளைகள் பங்குகொண்ட பெருஞ்சோதனை நடந்தது. அது பயன் தருவது என்ற முடிவு 1955 ஏப்பிரல் 12ஆம் நாள், ரூஸ்வெல்ட் மறைந்து பத்தாண்டு நிறைந்த அதே நாளில் அறிவிக்கப்பெற்றது. வாயில் இடும் சொட்டு மருந்தைக் கண்ட மருத்துவர் ஆல்பர்ட் சேபினின் ஆய்வுக்கும் அவ்வறக்கட்டளை பொருளுதவி செய்தது.

அச்சொட்டு மருந்தே நம் நாட்டிலும் பிள்ளைகளுக்கு அளிக்கப்பெற்றது. ஒவ்வோர் ஊரிலும் கால் சூம்பிய பிள்ளை ஒன்றேனும் இருந்த காலத்தை நம்மில் மூத்தோர் நன்கறிவர். 1995 முதல் குறித்த நாள்களில் நாடெங்கும் ஒருங்கே சொட்டு மருந்து அளிக்கும் இயக்கம் நடந்தது. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட நோயே இந்தியாவில் அவ்வகைக் கிருமியால் நேர்ந்த கடைசி நோய். 2014 மார்ச்சு 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி இந்நோயற்றதாகச் சான்று பெற்றது. உலகில் இன்னும் அது முற்றிலும் ஒழியவில்லையாதலின் நம் பேரப்பிள்ளைகளுக்கு மருந்து அளிப்பதை நாம் நிறுத்துதல் கூடாது.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இவ்வாழ்க்கை ஒரு விடை தருகிறது. ஜார்ஜியாவின் ஊற்று ரூஸ்வெல்ட்டுக்குக் கால்களைத் திருப்பித் தரவில்லை. வந்த துன்பத்தை அவர் அனுபவித்தே தீர வேண்டியிருந்தது. ஆனால் அத்துன்பத்தில் மூழ்கி அழிவதா, அதனைக் கொண்டு பிறர் துன்பத்தை அறிவதா என்பது அவர் கையில் இருந்தது. வினையின் பயன் நம்மை வந்தடையும். அப்போது நாம் கொள்ளும் எண்ணமும் ஆற்றும் செயலும் புதிய வினைக்கு வித்தாகும் என்றே நம் ஆகமங்களும் அறிவுறுத்துகின்றன. 

நம் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் திருவிழாக்களுக்குப் பொருள் திரட்டுகையில் ஒளடத தானத்திற்கென ஒரு பங்கை ஒதுக்குதல் நன்று. நம் ஊர்களில் படுக்கையில் இருப்போர் உளர். சக்கர நாற்காலி வாங்க இயலாதோர் உளர். நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்வாரின்றி மூலையில் கிடக்கும் முதியோரும் உளர். பத்துச் செண்டுக் காசுகள் ஒரு நோயை விரட்டத் துணைசெய்தன என்றால், நாம் மனமுவந்து அளிக்கும் சிறு தொகையும் வீண்போகாது. பொருள் இல்லாதோர் அருகில் அமர்ந்து ஒரு மணி நேரம் கைபிடித்து நடத்தலாம். அதுவும் மருந்தே.